வெளிப்பக்கக் கைப்பிடி

மேஸ்திரி வீரணன் மணலை வாயில் போட்டுப் பார்ப்பார். சுத்தமான ஆற்று மணல் என்று லாரிக்காரர் சத்தியம் செய்தாலும் சரி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துப்புவார். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பார். சிமெண்ட் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் குளிர்ச்சி இருக்கிறதா என்று தடவுவார். இதெல்லாம் நல்ல மேஸ்திரி செய்கிற வேலைதான். வீரணன் அதோடு நிற்க மாட்டார். டீக்கடை வடையைப் பிட்டு மோந்த பிறகே தின்பார். கைக்கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு, அது சொல்வது உண்மையா என்று வெயிலையும் ஒரு பார்வை பார்ப்பார். மங்கலம் ரோட்டில் அவரிடம் வேலை பார்த்த சித்தாட்கள் கேலி பேசுவார்கள்: "அண்ணன் செத்தாக்கூட, நெசமாவே செத்துட்டமான்னு ஒருக்கா எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பாரு."

கட்டடங்களைச் சந்தேகப்பட்டு அவர் பேர் வாங்கினார். அவர் கட்டிய சுவரில் விரிசல் என்ற பேச்சு திருப்பூரில் எழுந்ததே இல்லை. மனிதர்களைச் சந்தேகப்பட்டு வாங்கிக்கட்டிக்கொண்டது என்ன என்பது அவர் மனைவி செல்லத்தாயிக்குத்தான் தெரியும்.

செல்லத்தாய் ஆறு வருஷம் அவரிடமே சித்தாளாக இருந்தவள். கலவை சுமந்தாள், சாரம் கட்டினாள். சாரம் கட்டும் முடிச்சில் வீரணனுக்கென்று ஒரு கைவழக்கம் உண்டு. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றை அடியில் நுழைத்து, நுனியை இடப்பக்கமாக முறுக்கிச் செருகுவார். ஆள் ஏற ஏற அது இறுகும். அதை வேறு யாருக்கும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை, மனைவி மட்டும் பார்த்தே படித்துக்கொண்டாள். பிறகு இடுப்பு வலி வந்து, அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

அந்தக் கம்பெனியில் ஒரு மழை நாள். வேலை விட்டதும் கட்டிங் மாஸ்டர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எதிர்ச்சாரியில் குடையோடு நின்ற வீரணன் அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை, கை நீட்டவுமில்லை. மறுநாள் காலையில், "இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்" என்றார். அந்த ஒரு நாள் மூன்று மாதமானது. அந்த மாஸ்டருக்கு அறுபது வயது, மழை பெய்தால் மொத்த செக்கிங் டேபிளுக்கும் டீ வாங்கித் தருகிற மனிதர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளை விட்டார். தப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதிலிருந்து செல்லத்தாய் வேலை இடத்துக் கதை எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. வீட்டில் சண்டையில்லை என்று வீரணன் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டார். பாவம்.

ஆனால் இந்த மனுஷன் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். இருபத்து மூன்று வயதில், அங்கே தீக்குச்சி செய்கிற ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குச் சுவர் எழுப்பினார். நிலை நிறுத்துகிற அன்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியம் முடிந்து, கதவைப் பொருத்தினார். கதவு உள்பக்கமாகத் திறந்தது. உலகத்தில் எல்லா வீட்டுக் கதவும் அப்படித்தானே திறக்கிறது? லட்சுமி உள்ளே வரவேண்டும் என்று எல்லோரும் சொல்வதால், கை யோசிக்காமல் செய்கிற வழக்கம் அது. எட்டு மாதம் கழித்து உள்ளே தீப்பிடித்தது. இருந்த ஏழு பேரும் கதவுக்கு ஓடிவந்து அதன் மேலேயே சாய்ந்தார்கள். உள்ளே திறக்க வேண்டிய கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொண்டது. செத்துப்போன அந்த ஏழு பேரில் ஒருத்தி வீரணனின் தங்கை சுப்புலட்சுமி.

கதவு நல்ல கதவு. தேக்கு நிலை, பூட்டு கூடப் போடவில்லை. யாரும் வீரணனைக் குறை சொல்லவில்லை. அவர்தான் அன்றிலிருந்து எதையும் நம்புவதை விட்டுவிட்டு, கல்யாணம் ஆனதும் மனைவியோடு திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஏற்றுமதிக்குக் கோட்டா போயிற்று. இனி யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று திருப்பூரில் ஆளுக்கு ஆள் கம்பெனியைப் பெரிதாக்கினார்கள். சோளம் விளைந்த காட்டில் எல்லாம் கான்கிரீட் தூண் முளைத்தது. மங்கலம் ரோட்டில் லிங்கசாமி என்ற முதலாளியும் தன் அய்யன் காலத்துத் தோட்டத்தில் மாடிக் கட்டடம் ஒன்று எழுப்ப நினைத்து வீரணனைக் கூப்பிட்டார். கீழே கட்டிங், மேலே தையலும் செக்கிங்கும். மேல்தளத்தில் நூற்றெண்பது பேர், அவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

பிளான் போட்டவர் ஜெபக்குமார் என்ற இஞ்சினியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மஸ்கட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், நல்ல வாய். வேலை நடக்கும் இடத்தில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் பாடம் ஆரம்பித்துவிடுவார்.

"கட்டடத்துக்கு மூணு லட்சணம்ணே. உறுதி, உபயோகம், அழகு. ரெண்டாயிரம் வருஷமா உலகம் பூரா இதைத்தான் படிக்காங்க."

"இதுக்குப் படிக்க வேற செய்யணுமாக்கும்," என்றார் வீரணன். "நிக்கணும், புழங்கணும், பாக்க நல்லா இருக்கணும். எங்க ஊரு கோழிக்கூட்டுக்கும் அதேதான்."

"அதுல வேடிக்கை என்ன தெரியுமா? நிக்கணும்னா எல்லா ஊர்லயும் ஒரே அர்த்தம். புழங்கணும்ங்கிறதுதான் ஊருக்கு ஊரு மாறும். பனி கொட்டுற நாட்டுல கதவு உள்ளதான் தொறக்கும். வெளிய தொறந்தா பனி குவிஞ்சு அடைச்சிரும். நம்ம ஊர்ல லட்சுமி வரணும்னு உள்ள தொறக்கோம். மஸ்கட்ல பழைய வீட்டுக்குப் போனீங்கன்னா, வாசல்ல நுழைஞ்சதும் ஒரு சுவரு. வளைஞ்சு திரும்பித்தான் உள்ள போகணும். கதவு தொறந்து கெடந்தாலும் தெருவுல நிக்கிற ஆம்பளை கண்ணுக்கு உள்ள இருக்க பொம்பளை தெரியக் கூடாது, அதுக்காக."

வீரணன் சிரித்துவிட்டார். "பாக்குறவன் கண்ணுக்காக வாசலையா வளைப்பான்? கோட்டிக்காரப் பயலுக."

இந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய விதிகளில் ஒன்று, மேல்தளத்துக்கு இரண்டாவது வழி வேண்டும் என்பது. முன்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தால், எதிர்க் கோடியில் இன்னொரு கதவு, அதிலிருந்து வெளியே இறங்க ஒரு படிக்கட்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பூட்டு கூடாது, தாழ்ப்பாள் கூடாது, உள்ளேயிருந்து ஒரு தள்ளு தள்ளினால் திறக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது வீரணன் கலவைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். தன் தங்கையைக் கண்ணால் பார்த்திராத யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவளுக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

லிங்கசாமி ஒரேயடியாக மறுத்தார்.

"வெளிய தொறக்கற கதவா? ஆகாதுங் மேஸ்திரி. வர்ற லச்சுமிய நெஞ்சுல கைய வெச்சு வெளிய தள்ளுன மாதர இருக்குமுங்க. அதுவும் கன்னி மூலையில. வாஸ்துக்காரரு கேட்டாருன்னா என்னையே வெளிய தள்ளிருவாருங்க."

கன்னி மூலை என்பது தென்மேற்கு. அங்கே கனம் இருக்கலாம், திறப்பு இருக்கக் கூடாது என்பது வாஸ்துக்காரர் வாக்கு. கனமான கான்கிரீட் படிக்கட்டு வந்தால் அவருக்குச் சந்தோஷம், அந்தப் படிக்கட்டுக்கு ஒரு கதவு வந்தால் துக்கம். கதவில்லாத படிக்கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

வீரணன் விடவில்லை. தோட்டத்து மூலையில் இடிக்காமல் விட்டிருந்த பழைய மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். "மொதலாளி, உங்கய்யா காங்கேயம் காளை கட்டுன எடந்தானே அது? படல் எந்தப் பக்கம் தொறக்கு?"

லிங்கசாமி திரும்பிப் பார்த்தார். "வெளியதானுங்க தொறக்கும். மெரண்டுச்சுன்னா காளை முட்டிட்டு வருமே. உள்ள தொறக்கற படலுன்னா மாடும் சாகும், படலும் ஒடையும்."

"மாட்டுக்கு யோசிச்சாக உங்கய்யா. மாடில நூத்தெம்பது மனுசரு."

லிங்கசாமி கொட்டகையையும் புதுச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் நல்லவர், ஆனால் சாமிக்கும் வாஸ்துக்கும் பயந்தவர். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மூலையிலிருந்து பத்தடி தள்ளி மேற்குச் சுவரில் கதவை வைப்பது, அதைக் கதவு என்றே சொல்லாமல் விடுவது.

"சன்னல்னு வெச்சுக்கலாமுங்க. பெரிய சன்னல். சன்னல் வெளியதானே தொறக்கும்? லச்சுமி சன்னல் வழியா வர்றதும் இல்ல, போறதும் இல்ல. நெலை பூசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்."

அப்படியே ஆயிற்று. பையருக்குப் போன பிளானில் அது கதவு. வாஸ்துக்காரர் கையில் இருந்த பிளானில் அது ஏழடி உயர ஜன்னல். கம்பெனியில் எல்லோரும் ஜன்னல் என்றே பழகிப்போனார்கள். ஜெபக்குமார் வயிறு வலிக்கச் சிரித்தார். வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை. நிலை பூஜை செய்த கதவை அடைக்க ஒரு மனுஷனுக்குக் கை நடுங்கும். ஜன்னலுக்கு என்ன மரியாதை? பையர் அனுப்பும் ஆட்களின் ஆடிட் முடிந்து அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் நாலு ஆணி அடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

தகரக் கதவைப் பொருத்துகிற அன்று, அவர் வெளிப்பக்கத்தில் ஒரு கைப்பிடியை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"வெளிய கைப்பிடி எதுக்குண்ணே?" என்றார் ஜெபக்குமார். "உள்ளேருந்து தள்ளுற கதவு. வெளிப்பக்கம் வழுவழுன்னு விட்டுருவோம்."

"நான் எப்படி இழுத்துப் பாக்க?"

"நீங்க எதுக்கு இழுத்துப் பாக்கணும்?"

"இந்த மொதலாளி அடைச்சிட்டான்னா? கம்பெனிக்குள்ள என்னைய விடுவானா? வெளிப்படில ஏறி ஒரு இழு இழுத்தா தெரிஞ்சு போகும்ல."

ஜெபக்குமார் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். கைப்பிடி நின்றது. நல்ல கெட்டியான இரும்புக் கைப்பிடி.

தை மாதம் கட்டடம் முடிந்தது. மாசியில் பெங்களூரிலிருந்து ஆடிட்டுக்கு ஓர் அம்மா வந்து கதவைத் தள்ளிப் பார்த்து, படியை அளந்து, திருப்தியாகப் போனார். செல்லத்தாயிக்கும் அங்கேயே செக்கிங் வேலை கிடைத்தது. இப்போது கதவுக்கு உள்ளே இருந்தது வீரணனின் சொந்த மனைவி. சந்தேகம் இரட்டிப்பாயிற்று.

வேலைக்குப் போகிற வழியில் காலையில் பின்பக்கமாகப் போய், படியேறி, கைப்பிடியை இழுப்பார். திறக்கும். அது போதாதென்று கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுனியளவு சுண்ணாம்பு தடவிவிட்டு வருவார். மறுநாள் சுண்ணாம்பு உடைந்திருந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பங்குனி முடிய அது முழுசாகவே இருந்தது. சித்திரை பிறந்த பிறகு தினமும் உடைந்தது. வீரணனுக்கு ஒரே சந்தோஷம். ஜனங்கள் கதவைப் பழகிவிட்டார்கள், புழங்குகிறார்கள், இனி லிங்கசாமியே நினைத்தாலும் அடைக்க முடியாது. அந்தக் கதவை யார் திறக்கிறார்கள் என்று மட்டும் அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவருக்குச் சந்தேகம் தேவைப்பட்ட ஒரே இடத்தில் அது வரவில்லை.

ஆனி மாதம் சோமனூரில் தறிக் கொட்டகை கட்டும் வேலை வந்தது. விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்புவார். கதவை இழுத்துப் பார்க்க நேரமில்லை. சாப்பிட உட்காரும்போது மனைவியைக் கேட்பார்:

"மொதலாளி சன்னலை அடைச்சிட்டானா?"

"அடைக்கலை."

"ஆணி கீணி?"

"இல்லை."

கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள். கேட்காததற்குச் சொல்லவில்லை.

புரட்டாசி கடைசியில் ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைத் துடைத்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரிகடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. கட்டடம் கட்டியவர் என்று வீரணனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார் லிங்கசாமி. வீரணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்வாசல் வழியாக எல்லோரும் போனார்கள். இவர் கால் தானாகப் பின்பக்கம் போயிற்று.

படியில் பீடித் துண்டுகள் கிடந்தன. மேல்படியில் ஒரு காலி பிளாஸ்டிக் டம்ளர். அதையெல்லாம் தாண்டி ஏறி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். உள்ளே எதுவோ பிடித்து நிறுத்தியது. கதவு ஒரு விரற்கடை விலகி, திரும்ப ஒட்டிக்கொண்டது.

 நான் அப்பவே நினைத்தேன் என்று அவர் மனசு கத்தியது. எப்படி இறங்கினார், எப்படி முன்படிக்கட்டில் ஏறினார் என்பது தெரியாது. மேல்தளத்தில் கற்பூரத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நூற்றெண்பது பேரும் நிற்கிறார்கள். லிங்கசாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"கும்புடுதீகளோ மொதலாளி? நல்லாக் கும்புடுங்க. நூத்தெம்பது பேரை உள்ள வச்சு அடைச்சிட்டுக் கும்புட்டா சாமி கேக்கும்!"

தட்டு நின்றுவிட்டது. லிங்கசாமி கண்ணைத் திறந்தார். "ஏனுங் மேஸ்திரி? என்ன பேசறீங்க?"

"ஆடிட்டுக்கு ஒரு மூஞ்சி, எங்களுக்கு ஒரு மூஞ்சி. சன்னலுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். அடைச்சுட்டான் பாவி!"

முதலாளியைப் பாவி என்று அந்தக் கட்டடத்துக்குள் யாரும் சொன்னதில்லை, அதுவும் பூஜையின் நடுவில். லிங்கசாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. கோபத்தைவிட அடிபட்ட வலிதான் அதில் தெரிந்தது. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார்.

கதவில் ஆணி இல்லை. வெல்டிங் இல்லை, பூட்டும் இல்லை. கதவின் உள்பக்கம் குறுக்கே இருந்த தள்ளுகிற கம்பியையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்து, கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். நீலத் துணி. இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று அடியில், நுனி இடப்பக்கமாக முறுக்கிச் செருகியிருந்தது.

 அந்த முடிச்சைப் போடத் தெரிந்த கைகள் உலகத்தில் நான்குதான். இரண்டு வீரணனுடையவை.

"யாரப்பா கட்டுனது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் லிங்கசாமி.   வீரணன் பேசினால் செல்லத்தாயின் வேலை போகும், பேசாவிட்டால் முதலாளி மேல் போட்ட பழி நிற்கும். 

"நாந்தேன்," என்று செல்லத்தாய் முன்னால் வந்தாள்.  "பின்னால காலி இடத்துல லாரி நிப்பாட்டுதாக. அந்த ஆளுக நிழலுக்குப் படியில வந்து உக்காருவாக, பீடி குடிப்பாக. சித்திரையில இருந்து ஒருத்தன் ஒருத்தனா மேல ஏறி வந்து கதவை இழுத்துத் தொறந்து நின்னு பாக்க ஆரம்பிச்சாக. இந்தக் கதவுகிட்டதான் பிள்ளைக சோறு திங்கும், அசந்து படுக்கும். ஆனியில ஒருநாள் ஒருத்தன் குடிச்சிட்டு வந்து ஒரு பிள்ளை கையப் பிடிச்சிட்டான். சூப்பர்வைசர்கிட்டச் சொன்னோம். காத்து வருதுல்லன்னு சிரிச்சாரு. அதான் கட்டுனேன். அவசரம்னா அறுக்க இந்தா கத்தரி தொங்குது. ஆடிட்டு அன்னைக்கு அவுத்துவிடலாம்னு நெனச்சேன்."

தினமும் உடைந்த சுண்ணாம்பு வீரணனின் கண் முன் வந்தது. அதைப் பார்த்துத்தான் அத்தனை காலையும் அவர் சந்தோஷப்பட்டு இறங்கினார். இழுக்கக் கைப்பிடி இருந்ததால்தான் இழுத்தார்கள். அந்தக் கைப்பிடியை வைத்தது யார்? கண்ணுக்கு மறைவாக வாசலை வளைத்துக் கட்டிய மஸ்கட்காரர்களைக் கோட்டிக்காரர்கள் என்று சிரித்தது யார்?

"ஏனம்மா," என்றார் லிங்கசாமி, "சூப்பர்வைசர் சிரிச்சா, என்றகிட்ட வந்து சொல்லோணுமில்ல? எங்கிட்டச் சொல்லக் கூச்சம்னா, கட்டுன மனுசரு உன்ற ஊட்டுலயேதான இருக்காரு. அவருகிட்டச் சொல்லலையா?"

செல்லத்தாய் புருஷனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லியிருந்தா அவரு கதவைச் சரி பண்ண மாட்டாரு மொதலாளி. என்னையத்தான் நிப்பாட்டுவாரு."

நூற்றெண்பது பேர் முன்னால் சொன்னாள். யாரோ ஓர் இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அது அப்பட்டமான உண்மை என்று வீரணனுக்குத் தெரியும்.  சாத்தூரில் ஒரு கதவை வைத்தார், இங்கே ஒரு கைப்பிடியை வைத்தார். இரண்டு தடவையும் உள்ளே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் முடிச்சை அவிழ்க்கப் போனார். இறுகிக் கிடந்தது. அந்த முடிச்சைக் கண்டுபிடித்த கையாலேயே அவிழ்க்க முடியவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். தொங்கிய கத்தரியை எடுத்து அறுத்தார்.

"பொகை வந்தா கத்தரி கண்ணுக்குத் தெரியாது, தாயி," என்றார். மனைவியை அவர் தாயி என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.  "சுப்புலட்சுமிக்கு... கதவு மேலயே சாஞ்சும் கதவு தெரியலை."

செல்லத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீரணன் மிஷின் மெக்கானிக்கிடம் ஒரு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வாங்கினார். கதவைத் தள்ளித் திறந்து வெளியே போய், தான் வைத்த கைப்பிடியைத் தானே கழற்றினார். நான்கு போல்ட். ஒவ்வொன்றையும் அன்றைக்கு அவ்வளவு முறுக்கி வைத்திருந்தார். ஓட்டைகளுக்குத் தகரப் பட்டை வைத்து மூடினார். வெளிப்பக்கம் வழுவழுவென்று ஆயிற்று. பிறகு வெளியிலேயே நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொன்னார். விரலை எங்கெல்லாமோ செருகி இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. "இப்பத் தள்ளு" என்று கத்தினார். செல்லத்தாய் உள்ளேயிருந்து ஒரு கையால் தள்ளினாள். திறந்துகொண்டது.

லிங்கசாமியிடம் வந்து அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வாய் தவறிப் பேசிட்டேன் மொதலாளி. பாவின்னு சொல்லிட்டேன்."

லிங்கசாமி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நெசத்தச் சொல்றேனுங் மேஸ்திரி. அஞ்சு மாசத்துக்கு முன்னால ஒரு ஆர்டர் கைவிட்டுப் போச்சுங்க. வெளிய தொறக்கற கதவுதான் காரணமோன்னு பயந்து பூட்டே வாங்கிட்டேன். மேசை டிராயர்லதான் கெடக்குது. தெனம் காத்தால நீங்க வந்து இழுப்பீங்கன்னு வாட்ச்மேன் சொல்லியிருந்தானா, அந்த வெக்கத்துல போடலீங்க." கொஞ்சம் நிறுத்தி, "பாவின்னு பாதி சரிதானுங்க" என்றார். பின்பக்க இடத்தில் லாரி நிறுத்தக் கூடாது என்று அன்று மாலையே ஆள் அனுப்பினார். சூப்பர்வைசரைக் கட்டிங் பக்கம் மாற்றினார்.

அன்றிலிருந்து அந்தக் கதவை வெளியே நின்று யாரும் சோதிக்க முடியாது. வீரணனாலும் முடியாது. பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று நாள் படியேறிப் பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்தில் தகரத்தைத் தடவிவிட்டு இறங்கி வந்தார். உள்ளே இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. மணலை நாக்கில் வைத்துப் பார்க்கிற மனுஷன், இன்னொருவர் வாய் வார்த்தையை வைத்தே அந்தக் கதவைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

சாப்பிட உட்காரும்போது கேட்பார். "இன்னைக்குத் தள்ளிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

முன்பென்றால் இதற்குப் பின்னால் ஒன்பது கேள்வி வரும். இப்போதும் நாக்கு நுனி வரை வரும். சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவார். ஐப்பசி முழுக்க இப்படியே போயிற்று.

கார்த்திகையில் ஒருநாள், அவர் கேட்காமலேயே செல்லத்தாய் வேலை இடத்துக் கதை ஒன்றை எடுத்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னைக்கு மத்தியானம் எவனோ ஒருத்தன் படியேறி வந்து கதவைத் தட்டுனான். ஏ அக்கா, தொறங்கன்னு கூப்பிட்டான்."

பிசைந்துகொண்டிருந்த கை சோற்றில் நின்றது. யார் அவன், ஏன் கூப்பிட்டான், அக்கா என்று யாரைச் சொன்னான். அத்தனையும் ஒரே நேரத்தில் நெஞ்சில் மோதியது. செல்லத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்புக் கரண்டி அவள் கையில் அந்தரத்தில் நின்றது.

"பெறகு?" என்றார்.

"பெறகென்ன. பிடிக்க ஒண்ணுமில்ல. எறங்கிப் போயிட்டான்."

"ம்," என்றார் வீரணன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

மறுநாள் காலை எட்டு மணிக்குச் செல்லத்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.